வேண்டாம் என்றவர்களை எண்ணச் சொன்னவர்

நான் செயலராக இருந்த ஊராட்சியில் கிராமசபைக் கூட்டம் இருபது நிமிடத்துக்கு மேல் நடந்ததில்லை. தொடக்கப் பள்ளித் தாழ்வாரத்தில் ஜமக்காளம் விரித்து, ஒரு மேஜையும் நாலு நாற்காலியும் போட்டால் ஏற்பாடு முடிந்தது. வருகிறவர்கள் முதலில் மேஜைக்கு வந்து வருகைப் பக்கத்தில் கையெழுத்தோ கைநாட்டோ வைப்பார்கள். பிறகு நான் தீர்மானங்களை வாசிப்பேன். பெரும்பாலும் மேலிடத்திலிருந்து அச்சடித்து வருகிறவை. கொசு ஒழிப்பு, மழைநீர் சேகரிப்பு, பிளாஸ்டிக் ஒழிப்பு. ஒவ்வொன்றின் முடிவிலும் "ஒருமனதாக நிறைவேற்றப்பட்டது" என்று சொல்லி அடுத்ததற்குப் போவேன். கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் இரவு ஷிப்டு முடித்து வந்தவர்கள் சுவரில் சாய்ந்து தூங்குவார்கள். எனக்கும் தூக்கம் வரும். வாசிக்கிறவன் என்பதால் தூங்க முடியாது.

ஒரு சுதந்திர தினத்தன்று, ஆறாவது தீர்மானத்தை முடித்த இடத்தில், ஜமக்காளத்துக்கு வெளியே வெறுந்தரையில் உட்கார்ந்திருந்த ஒரு பெண் கை தூக்கினார்.

"வேணாம்னு சொன்னவங்க எத்தினி பேரு?"

கூட்டம் திரும்பிப் பார்த்தது. ஊராட்சித் தலைவர் சிரித்தார். "யாரும் சொல்லலியேம்மா."

"நீங்க கேக்கவே இல்லியே."

"கொசு ஒழிக்க வேணாம்னு யாருமா சொல்வாங்க?"

எல்லோரும் சிரித்தார்கள். அந்தப் பெண்ணும் சிரித்தார். ஆனால் கையை இறக்கவில்லை. பள்ளிக்கூடப் பிள்ளை போல, கூப்பிடும்வரை காத்திருக்கும் கை அது. வேறு வழியில்லாமல் நான், "வேண்டாம் என்பவர்கள் கை தூக்கலாம்" என்றேன். யாரும் தூக்கவில்லை. "இப்ப எழுதுங்க செக்ரட்டரி" என்று சொல்லிவிட்டுத்தான் கையை இறக்கினார். மிச்சமிருந்த ஒன்பது தீர்மானங்களுக்கும் அதே கதை. வீட்டுக்குப் போக மதியம் ஆகிவிட்டது. அன்று அவர்மேல் எனக்கு வந்த எரிச்சல் இப்போதும் நினைவிருக்கிறது.

அவர் பிலிப்பைன்ஸ் நாட்டுக்காரர். எங்கள் ஊர்க்காரர் ஒருவர் வளைகுடாவில் கப்பல் பட்டறையில் வெல்டராக இருந்தபோது, அதே கம்பெனி ஆபீசில் வேலை பார்த்த இவரைக் கட்டிக்கொண்டார். வெல்டருக்கு முதுகு போனதும் இருவரும் ஊருக்கு வந்துவிட்டார்கள். கணவருக்கு சிப்காட்டில் ஓர் இரும்பு ஆலையில் கேட் செக்யூரிட்டி வேலை கிடைத்தது. வந்த புதிதில் எந்த ஊர் என்று கேட்டவர்களிடம், தெரிந்த பெயராக இருக்கட்டும் என்று "மணிலா பக்கம்" என்று சொல்லியிருக்கிறார். எங்கள் பக்கத்தில் மணிலா என்றால் வேர்க்கடலை. தெருவே சிரித்தது. அன்றிலிருந்து அவர் மணிலாக்கா. ஸ்பானியச் சாயலுள்ள அவருடைய நீண்ட பெயரை ஒரே ஒரு படிவத்தில் எழுத்துக்கூட்டி எழுதியதோடு சரி, நானும் மறந்துவிட்டேன்.

தமிழை அவர் குழாயடியிலும் ரேஷன் கடை வரிசையிலும் கற்றுக்கொண்டார். அதனால் எங்கள் ஊர்த் தமிழ் அப்படியே வந்தது. "இன்னா", "ஊடு", "கம்முனு இரு" எல்லாம் சரளம். அவர் நாட்டில் நிறையப் பேருக்கு எஃப் என்ற எழுத்து வாயில் வராதாம். பைல், ஆபீஸ், பேன் என்றுதான் சொல்வார்களாம். அந்த நாக்கு எங்கள் ஊருக்குப் பொருத்தமாகப் போய்விட்டது.

குடிநீர் இணைப்புக்கு மனு கொடுக்க ஆபீசுக்கு வந்தபோதுதான் முதலில் உட்கார்ந்து பேசினோம். அலமாரியில் அடுக்கியிருந்த தீர்மானப் புத்தகங்களையே பார்த்துக்கொண்டிருந்தவர், "நானும் செக்ரட்டரி" என்றார். நான் நம்பவில்லை.

அவருடைய நகரம் பல சின்னப் பகுதிகளாகப் பிரிக்கப்பட்டது. ஒவ்வொரு பகுதிக்கும் பரங்காய் என்று பெயர். அங்கே உட்கார்ந்திருந்த தலைவர், "பரங்கிக்காயா?" என்று கேட்டார். "காய் இல்ல தலைவரே. அந்தக் காலத்துல படகுக்கு அந்தப் பேரு. ஒரே படகுல வந்து எறங்கின சனம் ஒரு பரங்காய். இப்ப உங்க பஞ்சாயத்து மாதிரி." ஒவ்வொரு பரங்காய்க்கும் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் கேப்டன் ஒருவர் உண்டு. இவருடைய அப்பா அப்படி ஒரு கேப்டன். அப்பாவின் ஆபீசில் இவர் ஆறு வருடம் செயலராக இருந்திருக்கிறார்.

அந்த நகரத்தின் கதையை அவர் ஒரே நாளில் சொல்லவில்லை. குடிநீர் மனுவுக்கு நான் சொன்ன ஒவ்வொரு "நாளைக்கு வாங்க"வுக்கும் ஒரு துண்டு என்று சொன்னார். ஸ்பெயின் பாதிரிமார் முதலில் கோயில் கட்டினார்களாம். கோயிலுக்கு எதிரே ஒரு மைதானம், மைதானத்துக்கு எதிரே ஊர் ஆபீஸ். உலக யுத்தத்தில் ஜப்பான்காரன் வந்து, அமெரிக்கக்காரன் குண்டு போட்டு, ஊர் ஆபீஸ் எரிந்தது. பிறப்பு, இறப்பு, நிலம் எல்லாப் புத்தகமும் சாம்பல். யுத்தம் முடிந்தபின் ஊர்க்காரர்கள் மைதானத்தில் கூடி, யார் யாருக்குப் பிறந்தார், எந்த வேலி எங்கே இருந்தது என்று ஞாபகத்திலிருந்து சொல்லச் சொல்லப் புதிதாக எழுதினார்களாம். "எங்க அப்பாவுக்கு வயசு இன்னான்னு சரியா யாருக்கும் தெரியாது. ரெண்டு பேரு ரெண்டு வருசம் சொன்னாங்க. ரெண்டையும் எழுதி வெச்சாங்க" என்றார்.

அப்புறம் அந்த ஊர் நகரமான கதை. சட்டம் போட்டால் மட்டும் அங்கே ஊர் நகரமாகிவிடாது. சனங்கள் ஓட்டுப் போட்டு ஒத்துக்கொள்ள வேண்டும். வரி ஏறும், விவசாயிக்கு ஆகாது என்று இவருடைய அப்பா வீடு வீடாகப் போய் எதிர்த்திருக்கிறார். அவருடைய பரங்காயில் வேண்டாம் என்பது ஜெயித்தது. மொத்த ஊரில் வேண்டும் என்பது ஜெயித்தது.

"அப்பா தோத்துட்டாரு. ஆனா எத்தினி பேரு வேணாம்னு சொன்னாங்கன்னு மைக்குல படிச்சாங்க. அப்பா நின்னு கேட்டுக்கினு ஊட்டுக்கு வந்தாரு."

"அப்டின்னா உங்க ஊரு சொர்க்கம்தான்" என்றார் தலைவர்.

"சொர்க்கமா? மேயரு ஒரே குடும்பம் தலைவரே. அப்பன் மேயரு, அப்பால பொண்டாட்டி, அப்பால புள்ள. எலக்சன் வந்தா ஊட்டுக்கு ஊடு அரிசி, மீன் டப்பா."

தலைவர் தொடையைத் தட்டிச் சிரித்தார். "நம்ம ஊருதான்!"

வேண்டாம் என்பவர்களைத் தேடும் அந்தப் பழக்கம் கூட்டத்தோடு நிற்கவில்லை. மகளிர் குழுவுக்குத் தலைவி தேர்ந்தெடுக்கும்போது, எல்லோரும் கை தட்டி முடித்த பிறகு, "புடிக்காதவங்க சொல்லுங்க, தப்பில்ல" என்று சொல்லி அந்தத் தலைவியின் பகையைத் தேடிக்கொண்டார். வீட்டில் குழம்பு வைப்பதற்குக்கூடக் கேட்பாராம். "மீன் வாங்கட்டுமான்னு கேப்பா சார். சரின்றுவேன். வேணாம்னா சொல்லுன்னுவா. சரின்னு சொன்னேனேடின்னா, அதுக்கில்ல, வேணாம்னா சொல்லுன்னுவா. பேஜாரு சார்" என்று அவருடைய கணவர் என்னிடம் ஒருமுறை அலுத்துக்கொண்டார்.

ஆனால் ஒரு விஷயம் என் மனைவி வந்து சொன்னது. ஆடி மாதம் எங்கள் தெருப் பெண்கள் வேன் வைத்துப் பெரியபாளையம் போவார்கள். அந்த வருடம் வேன் பேசும்போது மணிலாக்கா, "இந்த மாதிரி போறது யாருக்கானா வேணாமா?" என்று கேட்டிருக்கிறார். கோயிலுக்குப் போக எவள் வேண்டாம் என்பாள் என்று மற்றவர்கள் முறைத்திருக்கிறார்கள். அப்போது கன்னியம்மா வாய் திறந்திருக்கிறாள். கன்னியம்மா நூறு நாள் வேலையில் முன்னால் நிற்கிறவள், அதிகம் பேசாதவள். "கோயிலு வேணும். அந்த ரோடு வேணாம்" என்றிருக்கிறாள். ஹைவேயில் அவள் புருஷன் சைக்கிளோடு லாரியில் அடிபட்ட இடத்தை வேன் தாண்டிப் போக வேண்டும். ஐந்து வருடமாக ஒவ்வொரு ஆடிக்கும் அந்த இடம் வரும்போது கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாளாம். பக்கத்து சீட்டில் இருந்த என் மனைவிகூட அவள் சாமி கும்பிடுகிறாள் என்றுதான் நினைத்திருக்கிறாள். அந்த வருடம் வேன் உள்ரோட்டில் சுற்றிக்கொண்டு போயிற்று.

இதைக் கேட்ட பிறகு அவர்மேல் எனக்கு மரியாதை வந்தது. எரிச்சலும் போகவில்லை. இரண்டும் சேர்ந்தே இருந்தன.

அவர் ஏன் ஜமக்காளத்தில் உட்காராமல் தரையில் உட்கார்ந்தார் என்று சொல்ல வேண்டும். வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ளவர்தான் கிராமசபை உறுப்பினர். அவருக்கு ஓட்டு இல்லை. வருடா வருடம் சென்னைக்குப் போய் இங்கே தங்குவதற்கான அனுமதியைப் புதுப்பித்துக்கொண்டு வந்தார். ஏழு வருடம் முடிந்ததும் குடியுரிமைக்கு மனுப் போட்டு, ஆன்லைன் நகலைக் கலெக்டர் ஆபீசில் கொடுத்துவிட்டுக் காத்திருந்தார். அதுவரை உறுப்பினர் இடத்தில் உட்காரக் கூடாது என்று அவராகவே வைத்துக்கொண்ட விதி அது. நாங்கள் யாரும் சொல்லவில்லை. வருகைப் பக்கத்தில் கையெழுத்தும் போட மாட்டார்.

பக்கத்துப் பேரூராட்சியை நகராட்சி ஆக்கப்போகிறார்கள், எங்கள் ஊராட்சியும் அதில் சேரும் என்று பேச்சு வந்தது. தலைவருக்கு அதில் ஆசை இருந்தது. அவர் லேஅவுட் போட்டு மனை விற்கிறவர். நகராட்சி எல்லைக்குள் வந்தால் மனைக்கு மதிப்பு ஏறும். ஆட்சேபணை இல்லை என்று கிராமசபையில் ஒரு தீர்மானம் வேண்டும் என்றார். காந்தி ஜெயந்திக் கூட்டத்தில் பதினொன்றாவதாக, குப்பை தரம் பிரிப்புக்கும் டெங்கு விழிப்புணர்வுக்கும் நடுவில் அதை வைத்தேன். அங்கே வைத்தது நான்தான். தலைவர் அதைக்கூடச் சொல்லவில்லை. இத்தனை வருட வேலையில் எதை எங்கே வைத்தால் யாரும் கவனிக்க மாட்டார்கள் என்று எனக்குத் தெரிந்திருந்தது.

வேகமாக வாசித்தேன். தரையிலிருந்து கை எழுந்தது.

"செக்ரட்டரி, இத்த மட்டும் மெதுவா படிங்க."

படித்தேன்.

"சேந்தா இன்னா ஆவும், சேராட்டி இன்னா ஆவும்? ரெண்டும் சொல்லுங்க" என்று எழுந்து நின்று கேட்டார்.

நான் தலைவரைப் பார்த்தேன். தலைவர், "ரோடு வரும், லைட்டு வரும், குழாத் தண்ணி வரும். அவ்ளோதான்" என்றார்.

"நூறு நாள் வேல?"

தலைவர் பக்கத்து நாற்காலியைப் பார்த்தார். ஒன்றிய ஆபீசிலிருந்து வந்திருந்த அதிகாரி தன் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். "நகராட்சியில் அந்தத் திட்டம் கிடையாது" என்று கடைசியில் நான் சொன்னேன். "வீட்டு வரியும் மாறும்."

சுவரில் சாய்ந்திருந்தவர்கள் நிமிர்ந்தார்கள். ஆளாளுக்குப் பேச ஆரம்பித்தார்கள். தலைவர் எழுந்துவிட்டார். "ஏம்மா, உனுக்கு ஓட்டே இல்ல. இது இந்த ஊரு சனத்தோட கூட்டம். நீ இன்னாத்துக்குப் பேசற?" கூட்டத்தின் ஓரத்தில் நின்றிருந்த அவருடைய கணவர், "உக்காரு, போதும்" என்று கையை இழுத்தார். அவர் உட்கார்ந்தார். முகம் சிவந்திருந்தது.

அப்போது கன்னியம்மா எழுந்தாள். "எனக்கு ஓட்டு இருக்குது. எனக்கு வேணாம்" என்றாள். அவளுக்குப் பின்னால் ஒருத்தி. அதற்குப் பின்னால் இரண்டு பேர். ஒரு கிழவர் உட்கார்ந்தபடியே கைத்தடியைத் தூக்கிக் காட்டினார். அங்கங்கே இன்னும் சில கைகள் எழுந்தன. "கூட்டம் முடிஞ்சிது, கெளம்புங்க" என்று தலைவர் சொல்லிக்கொண்டிருக்கும்போது, தரையிலிருந்து மணிலாக்கா தனக்குத்தானே சொல்வது போல, "பதினொண்ணு" என்றார். நானும் எண்ணியிருந்தேன். பதினொன்றுதான்.

வருகைக் கையெழுத்துகள் ஏற்கெனவே புத்தகத்தில் இருந்தன. அன்று சாயங்காலம் தலைவர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்க, பதினொன்றாவது தீர்மானத்தின் கீழ் "ஒருமனதாக நிறைவேற்றப்பட்டது" என்று எழுதினேன். எத்தனையோ முறை எழுதிய வார்த்தை.

மறுநாள் மணிலாக்கா கன்னியம்மாவை அழைத்துக்கொண்டு வந்தார். புத்தகத்தைப் பார்க்கக் கன்னியம்மாவுக்கு உரிமை இருக்கிறது. அவளுக்குப் படிக்க வராது, இவருக்கு வரும். எழுத்து எழுத்தாக விரல் வைத்துப் படித்தார். "ஒ… ரு… ம… ன… தா… க." நிமிர்ந்து, "அப்டின்னா?" என்றார்.

"எல்லாரும் ஒரே மனசா."

கன்னியம்மா என்னைப் பார்த்தாள். பிறகு வெளியே போய் நின்றுகொண்டாள். மணிலாக்கா போகவில்லை. திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் பெஞ்சில் உட்கார்ந்து, அதுவரை எங்கள் ஊரில் யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொன்னார்.

அவர்கள் ஊரில் குடும்பச் சண்டைகள் முதலில் கேப்டன் முன்னால்தான் பஞ்சாயத்துக்கு வருமாம். ஒரு பெண், புருஷன் அடிக்கிறான் என்று வந்திருக்கிறாள். இவருடைய அப்பா இரண்டு பேரிடமும் பேசிவிட்டு, வீட்டுக்குப் போய்ச் சேர்ந்து வாழுங்கள் என்று முடித்திருக்கிறார். அந்தப் பெண் போக மாட்டேன் என்று சொல்லியிருக்கிறாள்.

"ரெண்டு வாட்டி சொன்னா. என் காதுல வுழுந்துது. ரெண்டு பேரும் ஒத்துக்கினாங்கன்னு எழுதுன்னு அப்பா சொன்னாரு. எழுதினேன். அந்தப் பேப்பர வெச்சிக்கினு அவன் அவள இட்டுக்கினு போனான். மூணு மாசம் கழிச்சி ஆஸ்பத்திரியில பாத்தேன். ஒரு கண்ணு போயிடிச்சி."

நான் புத்தகத்தை மூடினேன்.

"அப்பா நல்லவரு செக்ரட்டரி. சனம் இன்னும் அவர நல்லவருன்னுதான் சொல்லுது. நானும் நல்லவதான். அப்பால அந்த ஆபீஸ்ல என்னால உக்கார முடியல. கல்புக்கு வேலைக்குப் போயிட்டேன்."

போகும்போது, "கீழ எடம் இருக்குது. ஒரு வரி எழுதலாம்" என்றார். நகல் ஒன்றியத்துக்குப் போய்விட்டது, இனி ஒன்றும் செய்ய முடியாது என்று சொன்னேன். நகல் அப்போது என் மேஜை இழுப்பறையில்தான் இருந்தது.

அவர்கள் மனு எழுதினார்கள். கன்னியம்மாவும் மற்றப் பத்துப் பேரும் கையெழுத்தும் கைநாட்டும் போட்டார்கள். ஒரு திங்கட்கிழமை இரண்டு பஸ் மாறித் திருவள்ளூர் போய், கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் வரிசையில் நின்று கொடுத்துவிட்டு, ரசீதோடு வந்தார்கள். மணிலாக்காவும் கூடப் போனார். ஆனால் வரிசையில் நிற்காமல் வெளியே இருந்தார்.

மனுக்கள் எப்படிப் போகும் என்பது எங்களைப் போன்றவர்களுக்குத் தெரியும். எளாவூர் செக்போஸ்டில் லாரி நிற்பது போல ஒவ்வொரு மேஜையிலும் நின்று நின்று, கடைசியில் எங்கே கிளம்பியதோ அங்கேயே வந்து சேரும். மூன்று வாரத்தில் அந்த மனு என்னிடமே வந்தது. மேலே ஒரு குறிப்பு: மேற்படி கூட்டத்தில் ஆட்சேபணை தெரிவிக்கப்பட்டதா, எத்தனை பேர், அறிக்கை அனுப்புக.

தலைவர் அன்றே வந்தார். "இன்னா கிளார்க்கு, யாரும் சொல்லலன்னு எழுதி அனுப்பிடு" என்றார். பிறகு குரலை இறக்கினார். "அந்தம்மா சிட்டிசன் ஆவறதுக்கு மனு போட்டுக்கீதாம். போலீஸ்ல விசாரிக்க வருவாங்க. மொதல்ல என்னத்தான் கேப்பாங்க. ஊர்ல கலாட்டா பண்ணுது, சனத்தத் தூண்டி வுடுதுன்னு ஒரு வார்த்த சொன்னா போதும். நான் சொல்ல மாட்டேன். நீ ஒழுங்கா எழுதினா."

உண்மையைச் சொன்னால், எனக்கு நிம்மதியாக இருந்தது. பொய் எழுத ஒரு நல்ல காரணம் கிடைத்துவிட்டது. மணிலாக்காவுக்காகத்தான் எழுதினேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ளலாம். அதை அவரிடமும் சொல்லிவிட்டால் முழு நிம்மதி என்று சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போனேன்.

கோழியை வினிகரில் வேகவைத்துக்கொண்டிருந்தார். வீடெல்லாம் புளித்த வாசனை. கணவர் ஷிப்டுக்குப் போயிருந்தார். தலைவர் சொன்னதைச் சொன்னேன். அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். எட்டு வருட அலைச்சல் அவருக்கு. அதை அவர் மனதுக்குள் எடைபோடுவது எனக்குத் தெரிந்தது.

"நான் ஓட்டு போடணும்னுதான் சிட்டிசன் கேக்கறேன்" என்றார் கடைசியில். "அந்தப் பதினோரு பேருக்கு ஓட்டு இருக்குது. அவங்க சொன்னதையே எழுத மாட்டீங்கன்னா, எனக்கு ஓட்டு வந்து இன்னா பண்ணப் போறேன்?"

"யோசிச்சிச் சொல்லுங்கக்கா."

"யோசிச்சிட்டேன். பயமாதான் இருக்குது. நீங்க எழுதுங்க."

எழுதினேன். பதினொரு பெயர், பதினொரு வாக்காளர் எண். தீர்மானத்தில் ஒருமனதாக என்று குறித்தது தவறு, அது என்னுடைய தவறு என்றும் எழுதினேன். மறுபடி படித்துப் பார்க்காமல் உறையில் போட்டு ஒட்டினேன்.

அதனால் ஊர் தப்பவில்லை. ஆறு மாதத்தில் எங்கள் ஊராட்சி நகராட்சியோடு சேர்ந்தது. பெறப்பட்ட ஆட்சேபணைகள் பரிசீலிக்கப்பட்டு ஏற்கப்படவில்லை என்று ஒரு வரி வந்தது. எனக்கு விளக்கம் கேட்டு ஒரு கடிதம், பிறகு பள்ளிப்பட்டுப் பக்கம் ஆந்திர எல்லையில் ஒரு ஊராட்சிக்கு மாற்றல். குடும்பம் ஊரை விட்டுக் கும்மிடிப்பூண்டி டவுனுக்குக் குடிபோனது. வாரத்துக்கு ஒருமுறை மூன்று பஸ் மாறி வீட்டுக்கு வந்து போனேன். புது ஊரில் "நைனா, மெல்ல படி" என்று கிராமசபையில் கிழவர்கள் சொல்வார்கள். மெதுவாகத்தான் படிக்கிறேன்.

இரண்டு வருடம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை மதியம், திருவள்ளூர் பஸ் ஸ்டாண்டில் கும்மிடிப்பூண்டி பஸ்ஸில் ஏறினால், ஜன்னல் ஓரத்தில் மணிலாக்கா. மடியில் ஒரு பிளாஸ்டிக் பைல். தலை பாதி நரைத்திருந்தது. இளைத்திருந்தார். பக்கத்தில் உட்காரச் சொன்னார்.

கலெக்டர் ஆபீசுக்கு வந்துவிட்டுத் திரும்புகிறாராம். "விசாரணையில இருக்குதாம். போலீஸ் ரிப்போர்ட் வரலியாம். போன வருசமும் இதான் சொன்னாங்க."

தலைவர் அந்த ஒரு வார்த்தையைச் சொன்னாரா, இல்லை ஏதோ ஒரு மேஜையில் தாள் சும்மா நிற்கிறதா, இரண்டு பேருக்கும் தெரியாது. அவர் அதைப் பற்றிப் பேசவில்லை. கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

ஊர் எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"தெரு லைட்டு வந்துது. அது நல்லாக்கீது. நகராட்சிக்கு இன்னும் எலக்சன் வெக்கல, ஆபீசருதான் பாக்கறாரு. கூட்டம் கீட்டம் ஒண்ணும் கெடையாது." கன்னியம்மா சிப்காட்டில் ஒரு கேன்டீனில் பாத்திரம் கழுவப் போகிறாளாம். நின்றுகொண்டே வேலை என்பதால் கால் வீங்குகிறதாம்.

வெங்கல் தாண்டும்போது, "எனக்கு அலுத்துப்போச்சி செக்ரட்டரி" என்றார். அவர் வாயிலிருந்து அந்த வார்த்தையை நான் கேட்டதே இல்லை. அடுத்த நிறுத்தம் வருவதற்குள் தூங்கிவிட்டார். பெரியபாளையத்தில் மொட்டை போட்ட குடும்பங்கள் மஞ்சள் துணியும் குழந்தைகளுமாக ஏறி பஸ் நிறைந்தது. அவர் அசையவில்லை. வளைவுகளில் பைல் மடியிலிருந்து வழுக்கியது. அதை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன். பாரமாக இருந்தது.

ஊர் நிறுத்தம் வந்ததும் தோளைத் தொட்டு எழுப்பினேன். கண் விழித்தவர் என் முகத்தைப் பார்த்து, அவருடைய மொழியில் ஏதோ கேட்டார். எனக்குப் புரியவில்லை. இன்னொரு முறை, கொஞ்சம் அவசரமாக, அதையே கேட்டார். பிறகு ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். எங்கே இருக்கிறோம் என்று தெரிந்து, "ஊரு வந்துடிச்சா" என்று எழுந்தார். பைலைக் கொடுத்தேன். உள்ளே தாள்கள் எல்லாம் இருக்கின்றனவா என்று படியில் நின்று பார்த்துக்கொண்டு இறங்கினார். கண்டக்டர் விசில் கொடுத்தார். பங்குனி வெயில். பைலைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு அவர் தெருவுக்குள் நடந்து போனார்.